சத்தமில்லாத மோட்டார்

5 பிப்ரவரி 1979, திங்கள்

குக்கர் விசில் கெட்டுப்போய்விட்டது. போன வாரம்தான் புது வெயிட் வாங்கிவந்து போட்டேன், அதுவும் ஊதமாட்டேன் என்கிறது. சமையலறை வாசலிலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் தெரிந்தது. இந்திராணி மொட்டைமாடியிலிருந்து ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். நான் கப்பலிலிருந்து லீவில் வரும்போதெல்லாம், ரயிலை விட்டு இறங்கியதும் பேச ஆரம்பித்தால் திரும்ப ரயிலேற்றும்வரை நிறுத்தமாட்டாள். இப்போது வீட்டில் பேச்சுமூச்சே இல்லை. எல்லாம் அந்த ஓக்லா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து.

அப்படி என்ன செய்துவிட்டேன்? முதல் தடவையாக என் படகில் ஏற்றிக் காட்டுகிறேன் என்று ஜனக்புரி வீட்டிலிருந்து யமுனைக் கரைக்கு ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனேன். ‘காத்து எப்படின்னு பாத்துட்டு வரேன், கரையிலயே இரு’ என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். யமுனை நடுவில் காற்று செத்துவிட்டது. பாய் ஈரவேட்டி மாதிரி தொங்குகிறது. துடுப்புப் போட்டு, நாணல் திட்டைச் சுற்றிக்கொண்டு கரைக்கு வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அவளைக் காணோம். ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போய்விட்டாள்! ஒரு குரல் கொடுத்திருக்கலாமே? நான் ஒன்றும் கடலுக்குப் போய்விடவில்லையே? வீட்டுக்கு வந்து பார்த்தால் மணிக்கட்டில் துணி சுற்றியிருக்கிறாள். என்ன ஆச்சு என்று கேட்டேன். பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பதில் இல்லை.

இருக்கட்டும். எனக்கும் பேசாமல் இருக்கத் தெரியும்.

7 பிப்ரவரி

தெரியவில்லை. இரண்டு நாளைக்கு மேல் முடியவில்லை. வள்ளியைக் கூப்பிட்டுக் கேட்டேன். டில்லியிலேயே படித்து வளர்ந்த பெண், தமிழே தகராறு. இதில் வாயைத் திறந்து பேசுவதும் கிடையாது, முணுமுணுப்புதான். மூன்று தரம் கேட்ட பிறகு எதிரே வந்து நின்று, “அம்மா நாராஸா இருக்காங்கப்பா. உங்க மேல ரொம்ப குஸ்ஸா” என்றாள். கோபமாம். படகில் இனிமேல் ஏறவே மாட்டாளா என்று கேட்டுச் சொல் என்றேன். போய்க் கேட்டுவந்தாள்.

“காத்து நின்னா திரும்பி வர்றதுக்கு ஒரு மோட்டார் இருந்தா யோசிக்கிறாங்களாம்.”

மோட்டார்!

இருபது வருஷம் கப்பலுக்கு அடியில், எஞ்சின் ரூமில், வெயில் பார்க்காமல் வெந்தவன் நான். ரிட்டயராகி மேலே வந்த அன்றைக்கே முடிவு பண்ணினேன், இனிமேல் எஞ்சின் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று. ஆபீஸ் நாற்காலி, ஞாயிற்றுக்கிழமையானால் பாய்மரம், அது போதும். அதற்காகத்தானே கிளப்பில் கழித்துக்கட்டின அந்தப் படகை வாங்கி, நானும் மாடி வீட்டு ஜம்புவுமாகப் பலகை மாற்றி, ‘பொன்னி’ என்று பேர் எழுதி வைத்திருக்கிறேன். அதன் பின்னாடி கொண்டுபோய் எஞ்சின் மாட்டுவதா?

ஆனால் அவள் பேசினால் போதும். வேறென்ன. பேசினால் போதும்.

10 பிப்ரவரி, இரண்டாவது சனி

காஷ்மீரி கேட். ஜம்பு வந்தார். மாடி வீட்டுக்காரர், பாங்கில் வேலை, உலகத்தில் அவருக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயமே கிடையாது. வள்ளியும் நயீ சடக்கில் புத்தகம் வாங்கவேண்டும் என்று ஒட்டிக்கொண்டாள்.

பழைய மோட்டார் சாமான் விற்கிற கடையில் ஒன்று கிடந்தது. இங்கிலீஷ்காரன் காலத்துச் சரக்கு. பித்தளை டாங்கி, கயிறு சுற்றி இழுக்கவேண்டும். கியர் கிடையாது. பின்னால் போகவேண்டுமென்றால் மோட்டாரையே முழுசாகத் திருப்பிப் பிடிக்கவேண்டுமாம். கடைக்குப் பின்னால் டிரம்மில் தண்ணீர் ரொப்பி ஓட்டிக் காட்டினான். அடேயப்பா! டம் டம் டம் என்று நெஞ்சுக்குள் இடிக்கிறது. மாவு மெஷின் தோற்றது.

“இது டீக் இருக்குப்பா. ரொம்ப ஷோர் இல்ல” என்கிறாள் வள்ளி. சத்தம் அதிகமில்லையாம்!

“பரவாயில்லை ஓய், காதுக்கு இதமாத்தான் இருக்கு” என்கிறார் ஜம்பு.

காதுக்கு இதமாம்! காதாலேயே எஞ்சின் பார்க்கிறவன் நான். எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று ஏணியில் இறங்கும்போதே சொல்லுவேன். எனக்குப் பாடம் எடுக்க பாங்க்காரர் வந்துவிட்டார். இந்த இடி முழக்கத்தைக் கொண்டுபோய் இந்திராணியை உட்காரவைத்தால் இருக்கிற கோபம் இரண்டு மடங்காகும். அவளுக்கு வேண்டியது அமைதியான மோட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

14 பிப்ரவரி

வாசல் மணியும் ரிப்பேர். இந்திராணி வெளியே நின்று அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். கடைசியில் கதவைத் தட்டின தட்டில் எதிர்வீட்டு சர்தார்ஜி வந்துவிட்டார். நான் உள்ளே ஹாலில்தான் இருந்தேன்.

18 பிப்ரவரி, ஞாயிறு

ஐ.என்.ஏ. மார்க்கெட் போய் அவளுக்குப் பிடிக்குமே என்று காப்பிக்கொட்டை, ஜவ்வரிசி வடகம், நல்ல நார்த்தங்காய் ஊறுகாய் எல்லாம் வாங்கிவந்தேன். பையைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு முகம் சுருங்கினாள்.

“முருங்கைக்காய் எங்க?”

“நீ சொல்லவே இல்லையே.”

“வாசல் வரைக்கும் வந்து சொன்னேன். படியெறங்கும்போது சொன்னேன்.”

“சொல்லலை!”

“சரி. சொல்லலை” என்று உள்ளே போய்விட்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அவள் சொல்லவில்லை. இப்படியெல்லாம் பழிவாங்குவாளா? இந்திராணியா? எனக்குத்தான் கிறுக்குப் பிடிக்கிறதா? பால்கனியில் நடந்து நடந்து கால் வலிக்கிறது. உட்காரவும் முடியவில்லை, ஒரு வேலையில் மனம் நிற்கவும் இல்லை. ஆபீஸில் பேசுகிறார்கள், பஸ்ஸில் கண்டக்டர் பேசுகிறான், ஜம்பு நிறுத்தவே மாட்டார். என் வீட்டுக்குள் காலை வைத்தால் மட்டும் யாரோ வாயைக் கட்டிப்போட்ட மாதிரி.

மோட்டார் வாங்கியே தீரவேண்டும். சீக்கிரம்.

20 பிப்ரவரி

ஜம்பு சொன்னார். சாணக்கியபுரியில் யாரோ வெளிநாட்டுத் தூதரக அதிகாரி ஊரைக் காலி பண்ணிக்கொண்டு போகிறாராம், வீட்டுச் சாமானெல்லாம் விற்கிறாராம். அதில் ஒரு ஜப்பான் படகு மோட்டார். “புத்தம்புதுசு ஓய், ஜல்தி போய்ப் பாரும்” என்கிறார். ஞாயிறுவரை பொறுக்கவேண்டும்.

25 பிப்ரவரி, ஞாயிறு

கிடைத்துவிட்டது!

வெள்ளை பெயிண்ட், கைக்கடக்கமாக, கியரோடு. துரை தோட்டத்துத் தொட்டியில் இறக்கி ஓட்டிக் காட்டினார். அப்படியே பட்டு. கொஞ்சம் முடுக்கிப் பாருங்கள் என்றேன். முடுக்கினார். ஒரு முனகல்கூட இல்லை! மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சீரான நடுக்கம், பூனைக்குட்டி முதுகைத் தொட்ட மாதிரி. ஓடுகிறது என்று கைதான் சொல்கிறதே தவிரக் காது சொல்லவில்லை. என் சர்வீஸில் இப்படி ஒரு எஞ்சினைப் பார்த்ததில்லை. ஜப்பான்காரன் ஜப்பான்காரன்தான்.

துரைசாணி மட்டும் நான் வந்ததே பிடிக்காத மாதிரி ஜன்னலையெல்லாம் படார் படாரென்று சாத்திக்கொண்டிருந்தாள். கிடக்கட்டும். பேரம்கூடப் பேசாமல் வாங்கி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் காட்டினேன். “சத்தமே கிடையாது, தெரியுமா?” என்றேன். இந்திராணி மோட்டாரைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் என்னை நேராகப் பார்த்து, “எனக்காகவா வாங்கினீங்க?” என்றாள்.

ஆமாம் என்றேன். எத்தனை நாள் கழித்து ஒரு வார்த்தை!

3 மார்ச்

நாளைக்கு வருகிறாள். புளியோதரை கிளறுகிறாள்.

5 மார்ச், திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. இன்று ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டேன்.

எப்படி எழுதுவது இதை. நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

நேற்று காலை ஓக்லாவில் நாங்கள் மூன்று பேர், ஜம்பு. நல்ல வெயில். படித்துறையில் பொன்னியைக் கட்டி, பின்பலகையில் மோட்டாரை மாட்டி, திருகி இறுக்கினேன். இந்திராணி மேல்படியில் நின்றாள், கையில் சாப்பாட்டுக் கூடை. கயிற்றை இழுத்தேன். முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. கை வைத்துப் பார்த்தேன், அதே சீரான நடுக்கம். பெருமையாக நிமிர்ந்து, “பாத்தியா? சத்தமே இல்லை!” என்றேன்.

கூடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

பக்கத்தில் வள்ளியும் காதைப் பொத்திக்கொண்டாள். எனக்கு எரிச்சல் வந்தது. அம்மாவும் பெண்ணும் சேர்ந்துகொண்டு என்னைக் கேலி பண்ணுகிறார்களா? ஆசை ஆசையாக வாங்கிவந்தவனைப் பண்ணுகிற கேலியா இது? இன்னும் முடுக்கினேன். அப்போதுதான் நாணல் திட்டிலிருந்து நாரை, நீர்க்கோழி, பேர் தெரியாத குருவி எல்லாமாக ஒரே கூட்டமாக எழும்பிப் பறந்தன. அடுத்த படித்துறையில் பிக்னிக் வந்திருந்த பஞ்சாபிக் குடும்பம் எழுந்து நின்று கையை ஆட்டுகிறது. ஒரு குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது. வாய் தெரிகிறது, அழுகை இல்லை.

பெண்டாட்டி கேலி பண்ணுவாள். பறவைகளுக்கு என்னைக் கேலி பண்ணத் தெரியாதே.

ஜம்பு தண்ணீரில் இறங்கி ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினார். “என்ன ஓய் இது! மில் சங்கு மாதிரி அலறறது! உமக்குக் கேக்கலையா?”

அவர் கேட்டது என் காதில் விழுந்தது. தெளிவாகக் கேட்டது. குனிந்து மோட்டார் திருகைத் தளர்த்துவதுபோலப் பாசாங்கு பண்ணிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கழித்து நிமிர்ந்தால் ஜம்பு என் தோளுக்கு மேலே, எனக்குப் பின்னால் எதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவர் முகமே சரியில்லை. திரும்பினேன்.

கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு கிட்டத்தில் இந்திராணி நின்றாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. முகமெல்லாம் கண்ணீர்.

“எத்தனை தடவை கூப்பிட்டேன் தெரியுமா?” என்றாள். “பின்னாடியே நின்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கேங்க. நீங்க திரும்பவே இல்ல.”

திருகை விட்டுவிட்டு அவள் வாயையே பார்த்தேன்.

“அன்னிக்கும் கூப்பிட்டேன். இதே படியில வழுக்கி விழுந்துட்டேன். கையை ஊணி எந்திரிக்க முடியல. தொண்டை கிழியக் கத்துனேன். நீங்க இதோ, இந்தத் தூரத்துலதான் இருந்தீங்க. முதுகைக் காட்டிக்கிட்டுப் பாயை இழுத்துக் கட்டிக்கிட்டு இருந்தீங்க. திரும்பிக்கூடப் பாக்கல. இந்த மனுசனுக்கு நான் விழுந்து கிடந்தாலும் ஒண்ணுதான், செத்தாலும் ஒண்ணுதான்னு நெனச்சேன். வீட்டுக்கு வந்து கையில என்னன்னு கேட்டீங்க. சொன்னேன். விழுந்துட்டேன், கூப்பிட்டேன், வரலியேன்னு சொன்னேன். கேட்டுட்டுப் பேசாம பேப்பரை எடுத்துக்கிட்டுப் போயிட்டீங்க.”

“நீ கூப்பிடவே இல்லைன்னு…” என்றேன். “நீ பேசறதையே நிறுத்திட்டேன்னு நெனச்சேன் இந்திராணி.”

“நான் எங்க நிறுத்தினேன்? நீங்கதான் பதில் சொல்றதை நிறுத்திட்டீங்க.”

படித்துறையில், அத்தனை பேர் பார்க்க, என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஜம்பு வள்ளியைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டார். நல்ல மனுஷன்.

புளியோதரை அப்படியே திரும்பி வந்தது.

9 மார்ச்

ஆஸ்பத்திரி. கண்ணாடி அறையில் உட்காரவைத்துக் காதில் ஹெட்ஃபோன் மாட்டிவிட்டார்கள். சத்தம் கேட்டால் விரலைத் தூக்கவேண்டும். முதலில் தூக்கினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, மெஷின் நின்றுவிட்டது என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஓடிக்கொண்டுதான் இருந்ததாம்.

என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். காதுக்கு என்ன வைத்துக்கொள்வீர்கள் என்றார். என்ன வைப்போம்? எண்ணெய் துடைக்கிற வேஸ்ட் நூலைக் கிள்ளி அடைத்துக்கொள்வோம். அதுவும் பயந்தாங்கொள்ளிகள்தான் அடைப்பார்கள். நான் அடைத்ததில்லை.

தடித்த சத்தமெல்லாம் கேட்கும். கீச்சுச் சத்தம் போய்விட்டது. விசில், வாசல் மணி, குருவி, குழந்தை அழுகை, பெண்கள் குரல். வலது காது அநேகமாகப் போயேபோய்விட்டது, இடது கொஞ்சம் தேவலை. போனது திரும்பாதாம். சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற மெஷின் ஒன்று இருக்கிறதாம், பார்க்கலாம் என்றார்.

ஜம்பு பேசினால் கேட்டது. வீட்டில் இரண்டு பெண்கள் பேசினால் கேட்கவில்லை. ஐயா என்ன முடிவுக்கு வந்தார்? என் காதில் கோளாறு என்றா? அதுதான் இல்லை. அவர்கள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று! நல்லா இருக்குடா பூவராகவா உன் கெட்டிக்காரத்தனம். காதாலேயே எஞ்சின் பார்க்கிறவனாம்.

10 மார்ச்

குக்கர் விசில் நன்றாகத்தான் ஊதுகிறது. இந்திராணி என்னை அடுப்புப் பக்கத்தில் நிறுத்திக் காட்டினாள். வெயிட் எழும்பி ஆடுவதைக் கண்ணால் பார்த்தேன்.

15 மார்ச்

இருப்புக்கொள்ளவில்லை. பயமாக இருக்கிறது, அதை இங்கேயாவது எழுதுகிறேன். இன்னும் எவ்வளவு போகும்? இடதும் போய்விட்டால்? அவள் குரல் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பழைய குரல்தான் ஞாபகம் வருகிறது, விசாகப்பட்டினம் ஸ்டேஷனில் கூட்டத்தைத் தாண்டி, “என்னங்க, இந்தப் பக்கம்” என்று கூப்பிட்ட குரல். இப்போது கேட்பது அதில் பாதிதான். மீதிப் பாதியை நான் எங்கே தொலைத்தேன் என்றுகூடத் தெரியாமல் தொலைத்திருக்கிறேன்.

இன்று முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் எதிரே வந்து உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, நிறுத்தி நிறுத்தி, “காபி ஆறுது” என்றாள். கேட்டது. ஆறின காபியைக் குடித்தேன்.

18 மார்ச், ஞாயிறு

படகை விற்றுவிடலாம் என்று சொன்னேன். முறைத்தாள்.

“கரையிலயே நிக்கவெச்சீங்களே, நான் எப்ப ஏறுறது?”

அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். எஞ்சின் ரூம்காரனுக்கு வேண்டிய யோசனை. ஜப்பான் மோட்டாருக்குக் கியர் வலது பக்கம். அதனால் படகின் வலது ஓரத்தில்தான் உட்கார்ந்து ஓட்டவேண்டும். அப்படிப் படகின் உள்பக்கம் பார்த்து உட்கார்ந்தால் முன்னால் இருக்கிறவள் பக்கம் என் வலது காது போகும். செத்த காது. இடது ஓரத்தில் உட்காரவேண்டும் எனக்கு. கியரே இல்லாத மோட்டாராக இருந்தால் எந்த ஓரத்திலும் உட்காரலாம்.

அப்படி ஒன்றை ஏற்கெனவே பார்த்து, மாவு மெஷின் என்று வைதுவிட்டு வந்தேனே!

24 மார்ச்

காஷ்மீரி கேட். ஜப்பானைக் கொடுத்துவிட்டு அந்தப் பித்தளை டாங்கிக் கிழத்தை வாங்கிக்கொண்டேன். கடைக்காரன் இரண்டு தரம், “பக்கா, சாப்?” என்று கேட்டான். இந்தப் பண்டமாற்றுக்கு எவனாவது சம்மதிப்பானா என்று அவனுக்கே சந்தேகம். டிரம்மில் ஓட்டச்சொன்னேன். இந்திராணியையும் கூட்டிப்போயிருந்தேன். எனக்கு அதே இடி. என் காதை நம்பாமல் அவள் முகத்தைப் பார்த்தேன். முகம் சுளிக்கவில்லை.

“இதுவே இருக்கட்டும்” என்றாள்.

1 ஏப்ரல், ஞாயிறு

ஓக்லா. வெயில் ஏறும்முன் கிளம்பிவிட்டோம். நானும் அவளும் மட்டும். படியில் அவள் இறங்கும்போது கையைப் பிடித்துக்கொண்டேன். ஏறி உட்கார்ந்ததும் படகு ஆடியது, “ஐயோ முருகா” என்றாள், அப்புறம் சிரித்தாள். முன்பலகையில் என்னைப் பார்த்தபடி உட்காரவைத்தேன். நான் பின்னால், இடது ஓரம்.

நல்ல காற்று. நாணல் திட்டைத் தாண்டினோம். போன தடவை நான் மாட்டிக்கொண்ட அதே இடத்தில் காற்று நின்றது. பாய் தொங்கிவிட்டது. அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். சர்தார்ஜி வீட்டு மாமி சொன்னது, வள்ளி காலேஜில் நடந்தது, முருங்கைக்காய் வாங்காமல் வந்த அன்றைக்குச் சாம்பாரில் என்ன போட்டாள் என்பது. அவள் பேசவே இல்லை என்று நான் சாதித்தேனே, அந்த நாட்களில் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து திருப்பிச் சொல்கிறாள். நடுநடுவே ஒன்றிரண்டு வார்த்தை விழவில்லை. “என்ன?” என்றேன். திரும்பச் சொன்னாள். இன்னொரு தரமும் சொன்னாள்.

வெயில் உறைக்க ஆரம்பித்தது. சரி, போகலாம் என்று மோட்டார்க் கயிற்றைச் சுற்றி இழுக்கப்போனேன். முன்னால் நகர்ந்துவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருங்க. இன்னும் பிப்ரவரியே முடியல” என்றாள்.

கயிற்றை விட்டுவிட்டுத் துடுப்பை எடுத்துக்கொண்டேன்.